விழா மலர் அச்சாகும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் சேகரத் (ஊர்ச்சபைகள் சில சேர்ந்த வட்டம்) தலைவர்களுக்கும், சேகரக் குழுவினருக்கும், ஊர்ச்சபைப் பெரியவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

உங்களில் பலருடைய ஊரில் இப்போது கட்டட வேலை நடக்கிறது. பழைய கோயில் சிறிதாகிவிட்டது, சனங்கள் பெருகிவிட்டார்கள், புதிதாகக் கட்டுகிறீர்கள். வேறு சில ஊர்களில் நூற்றைம்பதாவது ஆண்டு, இருநூறாவது ஆண்டு என்று விழாக்கள் வருகின்றன, மலர் தயாராகிறது. இரண்டுமே சந்தோஷமான காரியங்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே நான் கேட்பது ஒன்றுதான். இந்தச் சபைகளைக் கஷ்ட காலத்தில் தாங்கிப் பிடித்த நம் ஊர் ஆட்களின் பெயர்களைத் தேடி எடுத்து எழுதுங்கள். அவை கிடைக்கக்கூடிய ஏடுகளை இடிபாட்டோடு சேர்த்து அள்ளிவிடாதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். எங்கள் பக்கத்துச் சபைகள் வெளியிட்ட விழா மலர் எது கிடைத்தாலும் வாங்கிப் படிப்பது என் வழக்கம். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் வாழ்த்துச் செய்திகள், அப்புறம் மிஷனரிமார் படங்கள், அப்புறம் குருவானவர்களின் பட்டியல் ஆண்டு வாரியாக, கடைசியில் காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்கள். ஊர்ச்சபைகளில் குருப்பட்டம் இல்லாமல் ஜெபம் நடத்தி, போதித்து வந்த உபதேசியார்களுக்கு ஒரு வரி கிடைக்கும்: ‘பல உபதேசியார்மார் இங்கு உண்மையாய் ஊழியம் செய்தார்கள்.’ அந்தப் ‘பல’ என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் அடங்கிக் கிடக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நம் சபை எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1778-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (மிஷனரிமாரையும் குருமாரையும் நாம் ஐயர் என்றுதான் சொல்வோம்) பாளையங்கோட்டைக்கு வந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர் கிளாரிந்தாள், ஒரு பிராமண விதவை. 1780-இல் அந்தச் சபையின் பதிவில் இருந்தவர்கள் 40 பேர். அவர்கள் ஒரே குலத்தவர்கள் இல்லை, பல சாதிகளிலிருந்து வந்தவர்கள். கிளாரிந்தாள் முன்னின்று கட்டிய சிறிய கோயிலை 1785-இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். இன்றும் சனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். பணம் படைத்த சங்கம் எதுவும் அன்றைக்குப் பின்னால் இல்லை. குடியிருக்கும் மிஷனரியும் இல்லை, சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் இருந்தார். ஒரு பெண்ணும் அவளைச் சுற்றி நின்ற சிலருமாகத் தொடங்கியது இது. இன்று அந்தக் கோயிலைப் பார்க்கப் போகிறவர்களில் பலருக்குக் கிளாரிந்தாளைத் தெரியும். மற்றவர்களைத் தெரியாது. அவர்களில் தேவசகாயம் என்பவருடைய மகன்தான் பின்னாளில் தஞ்சையில் பாட்டெழுதிய வேதநாயக சாஸ்திரியார் என்று சொன்னால் நம் வாலிபர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

அடுத்து முதலூர். இப்போது அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் மஸ்கோத் அல்வாதான் சனங்களுக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஊர் ஏன் உண்டானது என்பதும் ஞாபகத்தில் இருக்க வேண்டும். விஜயராமபுரம், சண்முகபுரம் பக்கத்தில் 1797-இல் முதல் குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. அவர்களிடம் சுவிசேஷத்தைக் கொண்டுபோனவர்களில் ஒருவர் அவர்களுடைய சொந்தக்காரப் பையன், தஞ்சாவூர் வரை போய்க் கிறிஸ்தவனாகித் திரும்பி வந்த சுந்தரானந்தம் தாவீது. அதற்குப் பிறகு அவர்களுக்கு ஊரில் இருக்க முடியவில்லை. ஜெபக்கூடத்தை அழித்தார்கள். சரி, இங்கே இருக்க முடியாதென்றால் நமக்கென்று ஓர் ஊர் வேண்டும் என்று தாவீது துணிந்து, உதவி பெற்று நிலம் வாங்கினார். 1799-இல் 28 பேர் அங்கே குடியேறினார்கள். அதே ஆண்டு அக்டோபரில்தான் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். தேசமே பாளையக்காரர் சண்டையில் கிடந்தபோது, சொந்த ஊரைவிட்டு வந்த ஒரு சிறு கூட்டம் மணலில் குடிசை போட்டுக்கொண்டு, ஞாயிறு ஆராதனைக்கு மணி அடித்தது. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஏனென்றால் அந்த 28 பேரில் தாவீது ஒருவரைத் தவிர வேறு யார் பெயரையும் என்னால் சொல்ல முடியாது. அவர்கள் வழிவந்தவர்கள் உங்கள் சபைகளில் இருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார்கள். கேட்டு எழுத இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் அதிக காலம் இல்லை.

1802-இல் மிஷனரி கெரிக்கே ஐயர் வந்துபோனதை ஒட்டி ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். எல்லா மலரிலும் இது இருக்கும், பெருமையாக இருக்கும். அதற்குப் பிறகு வந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளைத்தான் நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம். மிஷனரிமாரில் யெனிக்கே ஐயர் 1800-இலும், கெரிக்கே ஐயர் 1803-இலும் இறந்துபோனார்கள். ஐரோப்பாவில் யுத்தம், ஜெர்மனியிலிருந்து ஆள் வருவது அநேகமாக நின்றுபோனது. உள்ளூரில் புதுக் கிறிஸ்தவர்களை அடித்தார்கள், வழக்கில் மாட்டினார்கள், பலர் பயந்து பின்வாங்கினார்கள். 1811-ஐ ஒட்டி மதுரை, திருநெல்வேலிச் சீமை முழுவதும் கொள்ளைக் காய்ச்சல். கேட்பாரில்லாத சபை என்று யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1816-இல் பட்டாளத்துக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் ஐயர் தேடிப் பார்த்தபோது, சிதறிக் கிடந்த சிற்றூர்களில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். முதலூரும் நாசரேத்தும் நின்றன.

அந்த ஆண்டுகளில் சபையை நிறுத்தியது யார்? குருப்பட்டம் பெற்ற நம் நாட்டுக் குருமார் இரண்டொருவர், மிச்சமெல்லாம் உபதேசியார்கள். என் மதிப்பில் திருநெல்வேலிச் சபை வரலாற்றின் மிகப் பெரிய காலம் அதுதான். மிஷனரிகள் வந்து பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வைத்த காலத்தைவிடப் பெரியது. அந்தக் காலத்துக்கு ஒரு படமும் இல்லை, ஒரு நினைவுக் கல்லும் இல்லை.

உபதேசியார் என்றால் என்ன வேலை என்பது இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரியும். விடியுமுன் மணி அடிப்பார். பனையேறப் போகிறவர்கள் மரத்தடிக்குப் போகுமுன் ஜெபம் முடிய வேண்டும். பகலில் அதே கூரைக்கடியில் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துப் பழக்குவார். சாயங்காலம் மறுபடியும் ஜெபம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஞானோபதேச வினாவிடையைச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்குவது. நடுவில் யாருக்காவது பேதி கண்டால் அவர்தான் போய் உட்கார வேண்டும், செத்தால் குழி வெட்ட ஆள் பிடிக்க வேண்டும். கிராம முன்சீப்பிடம் பேசப் போகிறவரும் அவர்தான், அடி விழுந்தால் முதல் அடி வாங்குகிறவரும் அவர்தான். மிஷன் ஸ்தலத்தில் உபதேசியார் கூட்டம் என்றால் வேகாத வெயிலில் நடந்து போய், என்ன நடந்தது என்று கணக்குச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். சம்பளம் சொற்பம். அவர் மனைவியும் பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார், அதற்குச் சம்பளமே கிடையாது.

இவர்கள் பெயர் எங்கேயும் இல்லையா என்றால், இருக்கிறது. இருக்கிற இடம் உங்கள் கோயில் பீரோ.

எங்கள் பக்கத்தில் ஒரு சேகரத்தில், அப்போதிருந்த ஐயரிடம் கேட்டு, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தேன். தோல் அட்டை, முதுகு விட்டுப் போயிருந்தது. மை பழுப்பேறியிருந்தாலும் எழுத்து முத்து முத்தாக இருந்தது. தேதி, பழைய பெயர், புதிய பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர், ஞானஸ்நானம் கொடுத்தவர், சாட்சி. தொழில் என்ற இடத்தில் வரிசையாகப் பனைத்தொழில், பனைத்தொழில், கூலி, பனைத்தொழில். பழைய பெயர் சுடலைமுத்து, புதிய பெயர் ஞானமுத்து. பழைய பெயர் இசக்கி, புதிய பெயர் அன்னம்மாள். சாட்சி என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்து, ஊர் உபதேசியாருடையது. அவர்தான் அத்தனை பேருக்கும் சாட்சியாக நின்றிருக்கிறார். சில பெயர்களுக்கு நேரே ஓரத்தில் ‘காய்ச்சலில் மரித்தான்’ என்று சின்னதாக ஒரு குறிப்பு. ஒரு பக்கத்தில் அப்படி அடுத்தடுத்து வந்தன, எல்லாம் ஒரே வீட்டுப் பெயர்கள். வெள்ளிப்பூச்சி அரித்த பக்கங்களில் பாதி எழுத்து இல்லை. மழை ஒழுகின ஒரு கட்டு களியாக ஒட்டிப்போயிருந்தது, பிரித்தால் பொடியாகிவிடும் என்று அப்படியே வைத்துவிட்டேன். பிறகு ஐயருக்கு மாற்றல் ஆனது, கோயிலும் புதிதாகக் கட்டப்பட்டது. அந்தப் பீரோ எங்கே என்று கேட்டால் இப்போது ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இங்கே ஊழியம் செய்த இரண்டு இங்கிலாந்து மிஷனரி சங்கங்களில், எஸ்.பி.ஜி. மிஷனரிமார் எழுதின கடிதங்கள் ஆக்ஸ்போர்டில் பத்திரமாக இருக்கின்றன. சி.எம்.எஸ். மிஷனரிமாருடையவை பர்மிங்காமில் இருக்கின்றன. பெட்டி எண் போட்டு, பட்டியல் எழுதி, ஈரம் படாமல் வைத்திருக்கிறார்கள். நல்லது, அவர்கள் செய்தது சரியான காரியம், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதன் விளைவு என்ன? நம் வரலாற்றை யார் எழுதினாலும் அந்தக் கடிதங்களை வைத்துத்தான் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களில் நம் ஆட்கள் பெரும்பாலும் ‘ஓர் உபதேசியார்’, ‘ஒரு விதவை’ என்று வருகிறார்கள். அவர்களுக்குப் பெயர் கொடுக்கக்கூடிய ஏடு நம்மிடம்தான் இருக்கிறது, அதை நாம் கரையானுக்கு விட்டுக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்ப் பெயர்களே இதைச் சொல்லும். சாயர் நிலம் வாங்கியதால் சாயர்புரம். தோனா பிரபு பணம் அனுப்பியதால் டோனாவூர். கொடுத்தவர் பெயர் வரைபடத்தில் ஏறிவிட்டது. அங்கே முதல் ஓலைக்கூரையின் கீழ் ஜெபம் நடத்தியவரின் பெயரை ஒரு சுவரிலாவது ஏற்றலாமே?

மிஷனரிமாரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 1820-இல் வந்த ரேனியஸ் ஐயர் இல்லாவிட்டால் நம் சபையின் உருவமே வேறு. அடிபட்டு ஊரைவிட்டு வந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1830-இல் தர்ம சங்கம் உண்டானது. அதற்குச் சபையார் கொடுத்த காணிக்கையால் அடைக்கல ஊர்கள் பல எழும்பின. இன்றைய நம் ‘புரங்கள்’ பலவற்றின் கதை அதுதான். மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரத்தைத் தாமஸ் ஐயர் எழுப்பினது சும்மா காரியம் இல்லை. ஆனால் எல்லாக் கஷ்டமும் வெளியிலிருந்துதான் வந்தது என்று எழுதுவதும் உண்மை ஆகாது. 1835-இல் ரேனியஸை சி.எம்.எஸ். நீக்கியபோது சபைகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. அந்த வேதனையை அனுபவித்தவர்கள் நம் சனங்கள்.

1857-இல் நாசரேத் வட்டாரத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிஷனில் உபதேசியாராக இருந்து நீக்கப்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, முக்குப்பேரியில் மிஷனரிமாரின் அதிகாரத்துக்கு வெளியே ஒரு சபையைத் தொடங்கினார். பிறகு பிரகாசபுரம் அதற்கு இடமானது. இந்து கிறிஸ்தவ சபை என்று பெயர், சனங்கள் நாட்டுச் சபை என்றார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், தரையில் உட்கார்ந்து ஆராதனை, புளிக்காத திராட்சரசம், சாம்பிராணி. வெள்ளைக்காரரின் பணம் வேண்டாம், வெள்ளைக்காரரின் குருத்துவமும் வேண்டாம் என்று நின்றார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1849-இல், மிஷனரி கால்டுவெல் சாணார்களை (இன்றைய நாடார்களை)ப் பற்றி வெளியிட்ட புத்தகம் அந்தச் சமூகத்து விசுவாசிகளின் மனதை எவ்வளவு புண்படுத்தியது என்பதையும் மறைக்காமல் சொன்னால்தான், ஏன் இத்தனை பேர் சட்டாம்பிள்ளை பின்னால் போனார்கள் என்பது புரியும். அவர்களுடைய போதனையில் எனக்கு உடன்பாடு இல்லாதது உண்டு. ஆனாலும் அந்தச் சபை எந்த மிஷன் பணமும் இல்லாமல் தலைமுறைகளைத் தாண்டிச் சிறு மந்தையாக நிலைத்து வந்திருக்கிறது. நம் மலர்கள் அவர்களை ‘பிரிந்து போனவர்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. அவர்கள் நம் சொந்தக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1780-இன் 40 பேரைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி மூலை வைத்திருக்கிற சபைகள் நம்மில் இன்னும் இருக்கின்றன. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மலரில் இதை எழுத மாட்டார்கள் என்பதும் தெரியும். எழுத வேண்டும் என்றே கேட்கிறேன். தலித் விசுவாசிகளின் தெருக்களில் சபை எப்படித் தொடங்கியது, அவர்களுடைய முதல் உபதேசியார் யார், பெரிய கோயிலில் அவர்களுக்கு எந்தப் பக்கம் இடம் விட்டார்கள் என்பதெல்லாம் அதே வரலாற்றின் பக்கங்கள்.

தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-ஐ ஒட்டி, ஆயிரமாயிரமாகச் சனங்கள் சேர்ந்தார்கள். சோற்றுக்கு வந்தவர்கள் என்று ஒரு பேச்சு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பஞ்சம் தீர்ந்ததும் சிலர் திரும்பிப் போனார்கள் என்பது மெய். தங்கியவர்களின் பிள்ளைகள் காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1903 பிப்ரவரி 12-இல் இதே திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆளும் நம்முடையது, பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது. அதற்கு முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912-இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயர் ஆனது அதுவே முதல் தடவை.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நம் பாட்டிமாரின் அடுப்பங்கரையிலிருந்து. உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தை உலையில் போடுவார்கள். அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் போதாது என்று தெரிந்தாலும் அந்தக் கைப்பிடி தப்பாது. என் ஆச்சி அப்படித்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவார், அரிசியை விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். எந்தக் கல்வெட்டிலும் அவர் பெயர் இருக்காது என்று அவருக்குத் தெரியும், அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை. கவலைப்பட வேண்டியவர்கள் நாம்.

ஆகவே நான் கேட்பவை பெரிய செலவுள்ளவை அல்ல. பழைய கோயிலில் கடப்பாரை போடுமுன், பீரோ, பரண், மணிக்கூண்டு அறை எல்லாவற்றையும் பொறுப்பான இரண்டு பேரை வைத்துத் திறந்து பாருங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளையும், உபதேசியார் டைரி இருந்தால் அதையும், பக்கம் பக்கமாகப் போன் கேமராவில் படம் எடுங்கள். வாலிபர் சங்கப் பிள்ளைகள் சில சனிக்கிழமைகளில் முடித்துவிடுவார்கள். ஒட்டிப்போன ஏட்டைக் கட்டாயப்படுத்திப் பிரிக்க வேண்டாம், ஈரம் படாத இடத்தில் வைத்து, விஷயம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். படங்களின் ஒரு பிரதி சேகரத்தில், ஒன்று பேராயரின் திருமண்டல அலுவலகத்தில், ஒன்று பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடத்தில் இருக்கட்டும். தனி ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காதீர்கள், அவர் நல்லவராகவே இருந்தாலும்.

பழைய கல்லறைக் கற்களை வழிப்பாதைக்குப் பாவுகல்லாகப் போட்டிருப்பதை ஓர் ஊரில் பார்த்தேன், எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தோட்டத்தை ஒழுங்குபடுத்த வேண்டுமென்றால் முதலில் கல்லில் உள்ளதைப் படியெடுத்துக்கொள்ளுங்கள், கல்லை மதில் ஓரம் நிறுத்திவையுங்கள்.

எண்பது வயது தாண்டிய பெரியவர்களிடம் போய்ப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். பைபிள் உமன் என்று நாம் சொல்லும் அம்மாமார் வீடு வீடாக நடந்து செய்த ஊழியத்துக்கு அநேக இடங்களில் அந்த ஞாபகம் மட்டும்தான் சாட்சி. விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு நாளையாவது ஊர்ச்சபைக் கதைக்கு ஒதுக்குங்கள், பிள்ளைகளே போய்த் தங்கள் தாத்தா ஆச்சியிடம் கேட்டு எழுதிவரட்டும்.

மலரில் குருவானவர் பட்டியல் இருக்கட்டும். அதே அளவு எழுத்தில், அதற்கு முந்திய பக்கத்தில், உபதேசியார் பட்டியலும் வரட்டும். அஸ்திவாரக் கல்லில் திறந்து வைப்பவர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர் என்று எத்தனையோ பெயர்களுக்கு இடம் இருக்கிறது. ஊரில் முதல் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துக்கு ஒரு வரி கொடுத்தால் கல் உடைந்துவிடாது.

பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்க எனக்கு ஓரளவு வரும். பதிவேட்டைப் படிக்க ஆள் இல்லை என்று எந்தச் சேகரமாவது சொன்னால் வந்து உட்கார்ந்து படித்துத் தருகிறேன், பேருந்துச் செலவுகூட வேண்டாம். என்னைப் போல ஓய்வு பெற்ற வாத்தியார்கள் ஊருக்கு இரண்டு பேர் சும்மாதான் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஆரம்பித்தால் நல்லது, ஒழுகுகிற கூரைக்கு அடியில் இன்னும் எத்தனையோ பீரோக்கள் நிற்கின்றன.

இப்படிக்கு,
தென் சீமையின் ஒரு பனங்காட்டுச் சபையிலிருந்து
உபதேசியார் வீட்டுப் பேரன் ஒருவன்